ஆயில் நட்டும் டெய்லரின் காலும்

1996

ஆகஸ்ட் 10, சனி

காலையிலிருந்து தூறல். எங்கள் பேட்டை நீலசந்திரா முழுக்கச் சேறு. லோடு எதுவும் இல்லை. லாரிக்கு ஆயில் மாற்றிவிடலாம் என்று அடியில் போய்ப் படுத்தேன். பழைய ஆயிலை இறக்கும் நட்டு அசையவே இல்லை. போன தடவை மாற்றிக் கொடுத்த ஷெட்காரன் எவ்வளவு இறுக்கித் தொலைத்தானோ. ஸ்பானர் இரண்டு மூன்று முறை நழுவி நட்டின் மூலைகள் மழுங்க ஆரம்பித்துவிட்டன. கை முட்டியில் தோல் போயிற்று. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டிருக்கிறேன்.

மதியம் பக்கத்து வீட்டு டெய்லர் கோவிந்தராஜ் வெளியே வந்தார். பழைய சண்டைதான். லாரி அவர் ஜன்னலை மறைக்கிறது, மிஷினுக்கு வெளிச்சம் இல்லை. எனக்கோ இந்தத் தெருவில் வண்டியை விட வேறு இடம் இல்லை. இரண்டு வருடமாக நேர்ப் பேச்சு கிடையாது. சொல்ல வேண்டியதை என் மனைவி மேரியிடம்தான் சொல்வார். இன்றும் அப்படித்தான். "வெள்ளைத் துணி தைக்கறேம்மா, வண்டி எடுத்தா புகை உள்ள வருது, உங்க ஊட்டுக்காருகிட்ட சொல்லிடு." நான் அவர் காலடியில், லாரிக்குக் கீழே படுத்திருந்தேன். மேரி குனிந்து அதையே எனக்குத் திருப்பிச் சொன்னாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வாங்க: ஆயில், ஃபில்டர், ஸ்பானருக்கு மாட்ட நீள பைப், மேரிக்கு இருமல் மருந்து.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எழுத்து எனக்கே புரியவில்லை.

உயிரோடு இருக்கிறேன். கால் இரண்டும் இருக்கின்றன. கோவிந்தராஜ் ஆஸ்பத்திரியில். அவர் வலது பாதத்தின் மேல் என் லாரியின் சக்கரம் ஏறிவிட்டது. என்னை வெளியே இழுத்தவர் அவர்தான். அவர்.

மேரி சோறு போட்டுவைத்தாள். தொடவில்லை. சட்டையில் சேறு, ஆயில், ரத்தம். அதைக் கழற்றவும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

தூக்கம் இல்லை. வெயில்.

டீக்கடையில் நான் நிற்பதைக் கவனிக்காமல் இருவர். "யாரு, டெய்லரா இழுத்தது? அவங்களுக்குள்ள பேச்சே இல்லியே." "அதான்ப்பா நானும் கேக்கறேன்." டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

என் கால்களை அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன். மேரி பார்த்துவிட்டாள். பக்கத்து வீட்டில் கதவு பூட்டிக்கிடக்கிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் மண்டைக்குள் ஓடுவது நிற்குமோ என்று.

ஞாயிறு காலை மேரி சர்ச்சுக்குப் போயிருந்தாள். ஆயில் சூடானால் நட்டு இளகும் என்று எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தேன். கியரில் போடாமல் இறங்கிவிட்டேன். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன், பின்சக்கரத்துக்குக் கல்லும் வைத்திருந்தேன். போதும் என்று நினைத்தேன். தெரு பின்பக்கமாகச் சரிவு. என் தலையும் தோளும் எஞ்சினுக்கு அடியில். கால்கள் முன்சக்கரத்துக்குப் பின்னால், டெய்லர் வீட்டுப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

ஸ்பானரில் பைப்பை மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து, உள்ள பலத்தையெல்லாம் கொடுத்து இழுத்தேன். ஏதோ அசைந்தது. நட்டுதான் கொடுத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அசைந்தது வண்டி.

முகத்துக்கு மேலே எஞ்சின் நகர்ந்துகொண்டிருந்தது. மெதுவாகத்தான். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை, ஈரமண்ணில் கல் பிதுங்கிப் போயிருக்கிறது. கத்தினேனா என்று நினைவில்லை. கணுக்கால் இரண்டையும் யாரோ பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். முதுகு தரையில் உரசியது. பிறகு வானம். இழுத்த வேகத்தில் அவர் சேற்றில் வழுக்கி மல்லாந்து விழுந்தார். கழுத்தில் அளவு நாடா. வலது கால் சக்கரத்தின் பாதையில் நீண்டு கிடந்தது. நான் எழுந்திருப்பதற்குள் சக்கரம் ஏறி இறங்கிவிட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதப்போவதில்லை.

வண்டி சாக்கடைச் சுவரில் இடித்து நின்றது.

அவர் அலறவில்லை. முகம் வெளுத்து, என்னைப் பார்த்து, "உனக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றார். ஆட்டோவில் அவர் காலை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

ஆகஸ்ட் 14, புதன்

ஆஸ்பத்திரி. மூன்று கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதத்தில் எலும்பு நொறுங்கியிருக்கிறதாம். நடப்பார், ஆனால் சாய்ந்து சாய்ந்துதான் என்று டாக்டர். மிதித்துத் தைப்பவர். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

போலீஸ்காரர் வந்து கன்னடத்தில் விசாரித்தார். கோவிந்தராஜும் கன்னடத்திலேயே பதில் சொன்னார். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டதைப் பார்த்ததாகவும், தானாகப் போய் இழுத்ததாகவும், சேற்றில் வழுக்கியதாகவும். யார் மேலும் புகார் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். நான் கட்டில் அருகே நின்றுகொண்டிருந்தேன்.

வராந்தாவில் அவர் மனைவி சரோஜாவிடம் லாரியை விற்றுவிடுகிறேன் என்றேன். அவள் தண்ணீர்ப் பாட்டிலை மூடிக்கொண்டே, "விக்காதேண்ணா. டெய்லர் ஊட்ல சொல்லித்தான் வித்தான்னு தெருவுல எங்களத்தான் பேசுவாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

பின்னாலிருந்து ஆயாம்மா, கன்னடம் கலந்து: "ஸ்வல்ப நகருங்க, ஸ்ட்ரெச்சர் வருது."

ஆகஸ்ட் 16, வெள்ளி

மேகமூட்டம். நட்டு கழன்றுவிட்டது.

மெக்கானிக் அந்தோணியை வரச்சொல்லியிருந்தேன். என்னால் லாரியின் கீழே குனியக்கூட முடியவில்லை. வண்டியைச் சமதரைக்குக் கொண்டுபோய், கியரில் போட்டு, எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை வைத்தான். நட்டின் ஓரத்தில் உளியைச் சாய்த்து வைத்துச் சுத்தியலால் தட்டினான். இன்னும் கொஞ்சம். சுழன்றுவிட்டது. மீதியை விரலாலேயே திருகினான்.

"இதுக்காண்ணா?" என்று கேட்டான். கேட்டபிறகுதான் அவனுக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். கறுப்பு ஆயில் சட்டியில் விழ ஆரம்பித்தது. நான் தெரு ஓரம் போய் நின்றுகொண்டேன்.

ஓசூர் லோடு கேட்டு ஆள் வந்தது. முடியாது என்றேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கோவிந்தராஜை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி மழையில் தெரு மறுபடி சேறு, ஆட்டோ முனையிலேயே நின்றுவிட்டது. முதுகில் ஏறிக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்றார், பிறகு ஏறிக்கொண்டார். கனமே இல்லை. கட்டுப்போட்ட கால் என் இடுப்புப் பக்கம் தொங்கியது. அது எதிலும் படாமல் நடப்பதிலேயே கவனம்.

பாதி தூரத்தில் கேட்டுவிட்டேன். முகம் பார்க்காமல் இருந்ததால் கேட்க முடிந்தது. "உள்ள இருக்கறது நான்னு தெரியாம வந்தீங்களாண்ணா?"

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மூச்சு என் காதருகே.

"நீன்னு தெரியும்" என்றார். "காலைலருந்து ஜன்னல்ல உன் காலத்தானே பாத்துக்கினு இருந்தேன்." கொஞ்ச தூரம் நடந்தேன். "இந்த லாரியோட சேந்து ஒழிஞ்சு போகட்டும்னு எத்தினியோ வாட்டி நெனச்சிருக்கேன் ஜெயபாலு. மனசாரத்தான் நெனச்சேன். அப்புறம் பாத்தா, உன் காலு என் கையில இருக்குது. எப்ப எழுந்து வந்தேன்னே தெரியல. எனக்கே புரியல."

சரோஜா கதவைத் திறந்து பிடித்தாள். கட்டிலில் மெதுவாக இறக்கினேன். என் தோளைப் பிடித்திருந்த கையை அவர் உடனே எடுக்கவில்லை. நானும் நிமிரவில்லை. குனிந்தபடியே நின்றேன்.

மேரி கூப்பிடுகிறாள். அவர்கள் வீட்டுக்கும் சேர்த்துக் குழம்பு வைத்திருக்கிறாளாம். பாத்திரத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். இனிமேல் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவள் தூது போக மாட்டாளாம்.