அக்கா பந்தைப் பிடித்துவிட்டாள்

என் பாசத்துக்குரிய அத்தானுக்கு,

உங்களுக்கு ஒரு புதினம். அக்கா கரப்பந்து விளையாடுகிறாள். ஓம், உங்கள் மனைவி ரஞ்சியேதான். சிரிக்காதீர்கள்.

நீங்கள் போன பிறகு அவள் வெளிக்கிடுவதே குறைந்துவிட்டது. கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டாலும் "நான் வரேல்லை, நீ போட்டு வா" என்பாள். இந்த வருடம், புத்தூரில் நான் பயிற்றும் பெண்கள் அணியில் ஒருத்திக்குக் கால் சுளுக்கிவிட்டது. பயிற்சிக்கு ஆள் காணாது. நேரே அக்காவிடம் போனேன்.

"சும்மா ஆளுக்கு வந்து நில்லன் அக்கா."

"எனக்கு உந்த வொலிபோல் விளையாட்டுத் தெரியாதடி. வளையத்துக்குள்ளை எறியிற வலைப்பந்துதான் தெரியும். அதுவும் பள்ளிக்கூடத்தோடை போச்சு."

"போகேல்லை. கைக்குள்ளைதான் கிடக்கும்."

எங்கள் பழைய சண்டை நினைவிருக்கிறதா அத்தான்? ஒரு விளையாட்டில் பழகியது இன்னொன்றுக்குள்ளும் கூடவே வரும், சிலவேளை கைகொடுக்கும், சிலவேளை காலை வாரும் என்று உடற்கல்வி ஆசிரியையான நான் சொல்வேன். கரப்பந்துக் கழகத்தின் தலைவர் நீங்கள். "ரஞ்சி பந்தைக் கண்டால் கட்டிப்பிடிக்கிற ஆள். கரப்பந்துக்குச் சரிவராள்" என்று முடித்துவிடுவீர்கள்.

முதல்நாள் நீங்கள்தான் வென்றீர்கள். பந்து வந்தது. அக்கா அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தாள். ஒரு காலை ஊன்றி நின்று, யாருக்கு எறியலாம் என்று சுற்றிப் பார்த்தாள்! கரப்பந்தில் பந்தைப் பிடித்தாலே பிழையல்லவா? பிள்ளைகள் நிலத்தில் இருந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம்!

அந்தப் பழக்கத்தை விடுவிக்கத்தான் பெரும்பாடு பட்டேன். கடைசியில் வழி கண்டுபிடித்தவள் அவள்தான். "சுடுசட்டியெண்டு நினைக்கிறன்" என்றாள். பிறகு பந்து விரலில் பட்டவுடனே "சுடுது!" என்று கத்திக்கொண்டு மேலே தள்ளிவிடுவாள்.

அந்தத் தள்ளலை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். முழங்கால் மடிந்து, விரல்கள் விரிந்து, பந்து உயர எழும்பி, அடிப்பவளின் கைக்கு நேரே இறங்கியது. பள்ளிக்கூடத்தில் வளையத்துக்கு எறிந்த அதே எறிதல். அசையாத வளையத்துக்கு அவசரமின்றி ஆறுதலாக எறிவதை மூடிய திறன் என்போம். எதிரி அசைய அசைய நாமும் மாறவேண்டியது திறந்த திறன். முதலாவது அவளுக்கு வந்துவிட்டது. இரண்டாவது இந்த வயதில் வருமா? எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் அடிப்பவர்களுக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கும் இடத்தில் அவளையே நிறுத்தினேன்.

போன சனிக்கிழமை கொடிகாமத்தில் இறுதிப் போட்டி. கடைசிச் சுற்று, இரண்டு பக்கமும் சமன். அக்கா இடப்பக்கம் பார்த்தாள். எதிரணித் தடுப்புக்காரிகள் இருவரும் அங்கே பாய்ந்தார்கள். அவளோ முகத்தைத் திருப்பாமலே பந்தைத் தலைக்குப் பின்னால் வலப்பக்கம் அனுப்பினாள். அங்கே நின்ற பிள்ளைக்குத் தடுக்க ஆளில்லை. ஒரே அடி! அடுத்த புள்ளியும் எங்களுக்கே. வென்றுவிட்டோம், அத்தான்.

"உந்த வித்தையை ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"வலைப்பந்திலை உப்பிடித்தானேடி ஏமாத்துவம். ஒரு பக்கம் பார்த்து மற்றப் பக்கம் எறிவம்."

கை மட்டுமல்ல, கண்ணும் அந்தக் களவும் அப்படியே கூட வந்திருக்கின்றன. எனக்கு அது தோன்றவேயில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்குமா?

திரும்பும்போது பஸ்ஸில் யன்னலோரம் இருந்து, வழிநெடுகப் பிள்ளைகளுடன் கதைத்துக்கொண்டே வந்தாள். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால், உங்கள் பழைய வாதத்தை விட்டுவிட்டு அவளுக்குக் கைதட்டியிருப்பீர்களா?

அடுத்த மாதம் குருநகர் அணியுடன் விளையாடப் போகிறோம். அதற்குப் பிறகும் எந்தத் திடலுக்கென்றாலும் அவளைக் கூட்டிப் போவேன். அவளே போதும் என்று சொல்லும்வரை அவளுடைய இடத்தில் வேறொருத்தியை நிறுத்தமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் அன்பு மச்சாள்,
வாசுகி