அடுப்பு மேட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி

நீ தூங்கவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். வண்டி ஓட்டும்போது நீ தூங்கிவிட்டாய் என்று எஸ்டேட் ஆபீஸ் எழுதி வைத்திருப்பது பொய். உன்னைக் கொன்றது பிரேக்குக்குப் போகும் ஒரு முழ நீள ரப்பர் குழாய், ஓஸ். அதில் வெடிப்பு விட்டிருப்பதை உன் இன்ஜின் தினமும் காலையில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அது வெறும் ஈரம் என்று உன்னிடம் சொன்னவன் நான்.

நீ போய் நான்கு வருஷம் ஆகிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை வரை இது எனக்கும் தெரியாது.

உன் ரெஜினாவுக்குக் கால் வீக்கம். கோத்தகிரியில் மாத்திரை வாங்கிக்கொண்டு அன்று காலை உன் வீட்டுக்குப் போனேன். எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் கால் வைத்ததும் அந்த வாசனை. பழைய ரேடியோ சூடேறினால் வருமே, அது. உள்ளே போய்ப் பார்த்தால் அடுப்பு மேட்டில், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில், ஐந்து மூக்கையும் மேலே நீட்டிக்கொண்டு ஒரு கறுப்பு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி.

"இது என்னா ரெஜினா?"

"மருமகன் வண்டியோடதுதான் அண்ணே. காலையில இன்ஜின் விட்டுவிட்டு ஓடி மிஸ்ஸிங் அடிக்குதாம். நீங்க சொன்ன வைத்தியம்தானே, மறந்துபோச்சா?"

அவள் சிரித்தாள். உன் மாத்திரை டப்பாவும் சட்டையும் வைத்திருந்த மாடத்தில் இப்போது ஜேம்ஸின் லைசென்ஸ் இருக்கிறது. உன் மகளைக் கட்டிய காரமடைக்காரன். நீ போன பிறகு டிஸ்பென்சரி வண்டியை அவன்தான் ஓட்டுகிறான். உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரே நாளில் வந்த இரண்டு வெள்ளைக் கார்கள், ஒன்று மேனேஜர் துரைக்கு, ஒன்று நீ ஓட்டிய டிஸ்பென்சரி வண்டி. துரைக்குப் புது ஜீப் வந்ததும் அவருடையதை டிஸ்பென்சரிக்குத் தள்ளிவிட்டார்கள். ஜேம்ஸ் ஓட்டுவது அது.

அந்த வைத்தியத்தை இந்த மலைக்குச் சொன்னவன் நான்தான். ஆடி மாதம் மூடுபனி இறங்கினால் பதினைந்து நாள் ஏறாது. மூடிக்கு உள்ளே வியர்த்துப்போகும், கரண்ட் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும், இன்ஜின் துடிக்கும். சாயங்காலமே மூடியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பு மேட்டில் வை, காலையில் சூட்டோடு மாட்டு என்றேன். பலித்தது. டிரைவர்கள் வீட்டில் எல்லாம் பானைக்குப் பக்கத்தில் மூடி வந்து உட்கார்ந்தது. யாரிடமும் படிக்காமல், ஃபேக்டரி இன்ஜினைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டவன் நான். எனக்கு அது பெரிய பெருமை. அந்தப் பெருமையில்தான் உன் வண்டிக்கும் அதையே சொன்னேன்.

உன் வண்டி வேறு மாதிரி துடித்தது. நின்ற இடத்தில் மட்டும். டப், டப், டப், பிறகு ஒரு வெற்றிடம். கியர் போட்டு ஏறத் தொடங்கினால் சரியாகிவிடும். அரைமணி ஓடிச் சூடான பிறகு நின்றாலும் சரியாகிவிடும். மூடியைச் சூடு காட்டியதால்தான் சரியாகிறது என்று நாம் நினைத்தோம். சோக்கை இழுத்து விட்டுக் காத்திருந்தோம். குளிரில் விறைத்த ஓஸ் ரப்பர் இன்ஜின் சூட்டில் இளகி, வெடிப்பு தானாகச் சேர்ந்துகொள்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை.

தெரிந்திருக்க வேண்டும். ஒரு தை மாதத்துக் காலை. கொழுந்தெல்லாம் உறைபனியில் கருகிக் கிடந்தது. வெயில் கண்ணைக் குத்தியது, காற்றில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கராஜ் வாசலில் நீ பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாய்.

"ஏன்டா, ஆடியில அடிச்சா ஈரம்ன. இப்ப துணி காயப்போட்டா நொறுங்குது. இப்பயும் ஈரமா?"

"உள்ள இருக்கும்டா. உனக்கு என்னா தெரியும்?"

"இன்னொன்னு. பிரேக்கை மிதிச்சா சத்தம் மாறுது. கேளு."

நீ மிதித்தாய். மாறியது. நான் கேட்டேன். என் காதால் கேட்டேன். கேட்டுவிட்டுச் சொன்னேன்: "பல்லு வலிச்சா செருப்பை மாத்துவியாடா? பிரேக்குக்கும் இன்ஜினுக்கும் என்னா சம்பந்தம்?"

கராஜில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "சரிங்க இன்ஜினியர் சார்" என்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தாய். நான் கார்புரேட்டர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று முறுக்கி, இன்ஜின் வேகத்தை ஏற்றிவிட்டேன். துடிப்பு காதில் விழாமல் போயிற்று. "பாத்தியா?" என்றேன். சத்தம்தான் போயிற்று, நோய் போகவில்லை.

அடுத்த மாதம் நீ மேட்டுப்பாளையத்துக்கு மருந்துப் பெட்டிகள் எடுக்கத் தனியாக இறங்கினாய். அடிவாரத்துக்கு மேலே, கடைசி வளைவுகளில் ஒன்றில், பஸ் ஒன்று ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் நின்று வழி விடவேண்டும். இந்த மலையில் அதை உன்னைப்போலக் கடைப்பிடித்தவன் இல்லை. வெறும் சைக்கிள் ஏறி வந்தாலும் ஓரம் கட்டி நிற்பாய். அன்று நீ நிற்கவில்லை. பஸ் டிரைவர் சொன்னது இதுதான்: "நேரா வந்தாருங்க. எங்க மேல மோதப்போறாருன்னு நெனச்சேன். கடைசியில திருப்பி பள்ளத்துல இறக்கிட்டாரு." ரோட்டில் சக்கரம் தேய்ந்த தடம் இல்லை. தடம் இல்லையென்றால் பிரேக் போடவில்லை. பிரேக் போடவில்லையென்றால் தூங்கியிருக்கிறான். ஆபீஸ் விசாரணை அவ்வளவுதான். "ஓட்டுநர் உறங்கியதால்" என்று ஒரு வரி எழுதி ஃபைலை மூடினார்கள். நாற்பது பேர் இருந்த பஸ்ஸை விட்டு நீ பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தாய். தூங்குகிறவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

இதை நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். எனக்கும் தோன்றவில்லை. நானும் நம்பினேன். எல்லோரும் நம்பினோம். எல்லோரையும்விட அதிகமாக நம்பியவள் ரெஜினா. அன்று விடிகாலையில் வீட்டில் தேயிலைத்தூள் தீர்ந்துபோயிருந்தது. நீ பிளேன் டீ குடிக்காமல் கிளம்பினாய். நான்கு வருஷமாக அவள் என்னிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி தூள் கேட்டிருந்தா அவரு முழிச்சிருந்திருப்பாருண்ணே." தேயிலைக்கு நடுவில் பிறந்து, தேயிலைக்கு நடுவில் கிழவியானவள் ஒரு கரண்டித் தூளுக்காகத் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டு, அவள் கொடுக்கும் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மூடியை அடுப்பு மேட்டில் பார்த்ததும் முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதுவும் தை மாதம். வானம் கழுவி வைத்ததுபோல இருக்கிறது. இப்போது எதற்கு மூடியைக் காய வைக்கிறான்? மூடியை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்தேன். ஜேம்ஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். மூடியை மாட்டச் சொல்லிக் கிளப்பினேன்.

டப், டப், டப், வெற்றிடம்.

ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கினேன். ஒன்று, இரண்டு, நான்கு, எதைப் பிடுங்கினாலும் இன்ஜின் தள்ளாடியது. மூன்றாவதைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இல்லை. வேலை செய்யாதது அதுதான். கழற்றிப் பார்த்தால் பிளக்கில் கரி இல்லை, எண்ணெய் இல்லை, சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளை. பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம். எங்கேயோ கள்ளக் காற்று உள்ளே போகிறது. அப்போது ஜேம்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஏனுங்க பெரியப்பா, சொன்னா சிரிப்பீங்க. பிரேக்கை மிதிச்சா சத்தம் மாறுதுங்க."

நான் சிரிக்கவில்லை. மிதித்துக் காட்டச் சொன்னேன். மாறியது.

பெடலுக்கு முன்னால் ஒரு தகர உருண்டை இருக்கிறதல்லவா, பூஸ்டர். இன்ஜின் காற்றை உறிஞ்சும் பலத்தை ஓஸ் வழியாக வாங்கி, மிதிக்கிற காலுக்குத் துணையாக அதுவும் சேர்ந்து தள்ளும். அந்த ஓஸ் வெடித்தால் இரண்டு நடக்கும். வெடிப்பு வழியே கள்ளக் காற்று புகுந்து பக்கத்து சிலிண்டர் துடிக்கும். வெடிப்பு பெரிதானால் காலுக்குத் துணை போய்விடும், பெடல் கல்லாகும். குறடு ஒன்றை எடுத்து, ஓஸ் இன்ஜினில் சேரும் இடத்தில் துணி சுற்றி இறுக்கிப் பிடித்தேன். துடிப்பு நின்றது. விட்டேன், வந்தது. மறுபடி பிடித்தேன். இன்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடியது.

"அட, சரியாயிருச்சுங்க!" என்றான் உன் மருமகன் சந்தோஷமாக.

நான் இன்ஜினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் போனேன். உன் வண்டி அங்கேதான் கிடக்கிறது. உண்ணிச்செடி மூடிவிட்டது. அரிவாளால் வெட்டி வழி செய்து உள்ளே கையை விட்டேன். ஓஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. எந்தச் சூட்டிலும் சேர முடியாதபடி நெடுக வாய் பிளந்திருந்தது. வெடிப்பின் ஓரம் தேய்ந்து பழசாகியிருந்தது, விழுந்தபோது கிழிந்தது அல்ல. பிரேக் பெடலின் கம்பி ஒரு பக்கம் வளைந்திருந்தது. டிரைவர் சீட்டின் முதுகு பின்னால் மடங்கியிருந்தது. நீ முதுகை அதில் முட்டுக்கொடுத்து, இரண்டு காலாலும் அந்தக் கல்லை மிதித்திருக்கிறாய். உன் காலின் மொத்த பலமும் நான்கு வருஷமாக அந்த இரும்பில் எழுதியிருந்தது. ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

புதன்கிழமை உன் வண்டியின் ஓஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். புது மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி போட்டார்:

"பெரியவரே, உங்ககிட்ட மெக்கானிக் சர்டிபிகேட் இருக்கா?"

"இல்லை. முப்பது வருஷம் உங்க ஃபேக்டரி இன்ஜின் என் கையில ஓடுச்சு. அதுகிட்டயும் யாரும் சர்டிபிகேட் கேக்கலை."

"சரி, புது ஓஸ் மாத்திடலாம். சாவியைக் குடுங்க."

"அவன் தூங்கினான்ங்கற வரியை அடிங்க. தர்றேன்."

"அது முடிஞ்ச ஃபைல். திறந்தா எல்லாரும் பதில் சொல்லணும். உங்களையும் சேர்த்து."

"என்னையும் சேர்த்துத்தான் திறக்கச் சொல்றேன்."

திங்கட்கிழமை காலைக்குள் சாவி மேசைக்கு வராவிட்டால் போலீஸில் சொல்வேன் என்றார். சொல்லட்டும். போலீஸ் வந்தாலாவது யாராவது அந்தப் பெடலைப் பார்ப்பார்கள். அதுவரை நோயாளிகள் துரையின் ஜீப்பில் போகட்டும். அதில் இடம் இருக்கிறது.

சிலோனிலிருந்து வந்து மண்டபம் முகாமில் இறங்கியபோது நமக்குப் பதினாறு வயது. பேர் எழுதுகிற இடத்தில் உன் பேரைத் தப்பாக எழுதினார்கள். சரியாக எழுதும்வரை நகரமாட்டேன் என்று வரிசையை அரைமணி நிறுத்தி வைத்தாய். பின்னால் நின்றவர்கள் எல்லாம் திட்டினார்கள். நான்கூட "விட்றா, எழுத்துதானே" என்றேன். "என் பேருடா" என்றாய். அதை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

இன்று ஞாயிறு. செய்யவேண்டியதை எழுதி வைக்கிறேன், நாளை யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

மேனேஜர் அந்த ஃபைலைத் திறந்து, உன் வண்டியின் பெடலையும் சீட்டையும் வந்து தன் கண்ணால் பார்த்து, "உறங்கியதால்" என்ற வரியை அடித்து, ஓஸ் வெடித்ததால் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அதன் நகல் ரெஜினா கைக்கு வரவேண்டும், தமிழில்.

கராஜ்காரர்கள் துடிக்கிற இன்ஜினின் ஸ்க்ரூவை முறுக்கிச் சத்தத்தை அமுக்கக்கூடாது. எந்த சிலிண்டர், ஏன் என்று கண்டுபிடித்த பிறகுதான் கை வைக்கவேண்டும். டிரைவர் சொல்வதைக் கேட்டு யாரும் சிரிக்கக்கூடாது.

ஜேம்ஸ் தினமும் கிளம்புமுன், இன்ஜினைக் கிளப்பாமல் பெடலை நான்கு தடவை மிதித்துவிட்டு, காலை அப்படியே வைத்துக்கொண்டு கிளப்பவேண்டும். கிளம்பியதும் பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் போகலாம். இறங்காவிட்டால் யார் சொன்னாலும், மேனேஜரே சொன்னாலும், மலை இறங்கக்கூடாது.

தை மாதத்தில் அடுப்பு மேட்டில் மூடி இருக்கக்கூடாது. அதை நான் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லவேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லவேண்டும்.

ரெஜினாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஐந்து நாளாக அந்தப் பக்கம் போகாமல் இருக்கிறேன். சட்டைப் பையில் சாவியும் மஞ்சள் பையில் ஓஸும் கனக்கின்றன. நாளை ஆபீஸுக்கு முன் அங்கே போகவேண்டும். அவள் என்னைக் கண்டதும் கெட்டிலை அடுப்பில் வைப்பாள். தண்ணீர் கொதிக்குமுன் சொல்லிவிடவேண்டும். தூள் தீர்ந்துபோனது காரணம் இல்லை, பிரேக் சத்தத்தை நீ அன்றே சொன்னாய், நான் கேலி செய்தேன் என்று. அதற்குப் பிறகும் எனக்கு டீ கொடுப்பதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.