ஞானையனுக்கு விழுந்த ஓட்டுகள்

8 ஜூன் 2024, சனி
மழை. முன்னறையில் என் வீட்டுக்காரருடைய இருமல். மூன்று மாதமாகக் கல்லறையில் கிடக்கிற மனுஷனுக்கு என்ன இருமல்? மகள் ஆர்ஷாவிடம் சொன்னேன். "பக்கத்து வீட்டிலயாக்கும், அம்மா" என்றாள். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது.

9 ஜூன், ஞாயிறு
சபைக் கமிட்டித் தேர்தல். தமிழ் ஆராதனையை நிறுத்தி மலையாளத்தோடு சேர்க்கச் சொல்லி பிஷப் ஆபீஸிலிருந்து உத்தரவு. புதிய கமிட்டி தலையாட்டினால் முடிந்தது. இங்கே தம்பானூர் லாட்ஜ்களில் வேலை பார்க்கிற தமிழர்களுக்கு இந்த ஆராதனையை விட்டால் வேறு இல்லை. எனக்கும் மலையாளத்தில் ஜெபம் வராது.

பெயரை எழுதிப் போடுவது எங்கள் சபை வழக்கம். சீட்டை வாங்கியதும் கை தானாக 'ஞானையன்' என்று இவர் பெயரை எழுதிவிட்டது. பைத்தியக்காரி, ஓர் ஓட்டை வீணாக்கினாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

எண்ணும்போது அவர் பெயர் வந்தது. திரும்பவும் வந்தது. வாசித்துக்கொண்டிருந்த போதகர் சத்தியதாஸ் அச்சன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தொரு ஓட்டு. செத்தவர் ஜெயித்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

10 ஜூன்
யாரும் பேசிவைத்துச் செய்யவில்லையாம். அப்படியானால் —?

14 ஜூன், வெள்ளி
அச்சன் வீட்டுக்கு வந்தார். "செத்தவருக்குள்ள ஓட்டு செல்லாது, லீலாம்மா. அந்த இடத்துக்கு பிஷப் உங்களை நியமிச்சிருக்காரு. சும்மா வந்து இருந்தா போதும், ஒண்ணும் பேசண்டாம்."

விதவை வாய் திறக்கமாட்டாள் என்ற தைரியம். எனக்கும் அதே தைரியம்தான். இருபது வருஷம் கமிட்டியில் என் வீட்டுக்காரர் சொன்னது ஒன்றே ஒன்று. முதலில் ஓர் இருமல், பிறகு, "சபையிட்ட கேக்கணும், அச்சா." அதைச் சொல்லியே எல்லாருக்கும் ஆகாதவரானார். எனக்கு அந்த வம்பு வேண்டாம், கர்த்தரே.

22 ஜூன், சனி
கமிட்டி. அவருடைய நாற்காலியையே எனக்குப் போட்டிருந்தார்கள். அச்சன் உத்தரவை வாசித்து முடித்து, "எதிர்ப்பு ஒண்ணும் இல்லல்லோ?" என்றார். ஒருவரும் அசையவில்லை.

அப்போது அந்த இருமல். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள் — என்னை.

"சபையிட்ட கேக்கணும், அச்சா."

நானா சொன்னேன்? என் வாய்தான். அச்சன் பேனாவை மூடி வைத்தார்.

30 ஜூன், ஞாயிறு
பொதுக்கூட்டம் வைத்து சபையிடம் கேட்டார்கள். தமிழ் ஆராதனை இருக்கட்டும் என்று கைகள் எழும்பின. பிஷப் சம்மதிப்பாரோ என்னவோ. வெளியே வந்ததும் ஆளுக்கு ஆள் என் கையைப் பிடித்துச் சந்தோஷப்பட்டார்கள்.

வீட்டுக்கு வந்து முன்னறையில் காத்திருந்தேன். இருமல் இல்லை. அந்தக் கமிட்டிக்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம்.