நெடுங்கரைக் கோட்டை அரசரின் குரல் வேண்டி விடுத்த ஓலை

மங்கலம் பொலிக. குவளையாறு பாயும் நிலமனைத்திற்கும் இறைவரும், ஆழிமங்கலத்து அரியணை வீற்றிருக்கும் கோமகனாரும், பகைமன்னர் முடி பணியும் பாதத்தவருமாகிய அருங்குன்றவேள் பெருமானின் திருமுன்னர்க்கு, அவர்தம் தமக்கையும் நெடுங்கரைக் கோட்டைக் காவல் பூண்டவளுமாகிய செம்பொன்நங்கை விடுக்கும் ஓலை. அங்குக் கோயில்களில் விளக்கும், களஞ்சியங்களில் நெல்லும், அரண்மனையில் குழந்தைகளின் சிரிப்பும் குறைவின்றி விளங்குக. இங்கே அவை யாவும் குறைந்துவிட்டன.

நம் குலத்து அரசர் அவையில் குரல் உயர்த்திப் பேசுவதில்லை. அரசர் மெல்ல உரைப்பதும், அருகே நிற்கும் திருவாக்குரைப்பான் அதனை ஊரறிய முழங்குவதும் தொன்றுதொட்ட வழக்கம். நம் தந்தையார் நாள் முதல் அப்பணியிலிருந்த காரி விழுப்பரையன், தன் மானிய நிலத்தை நீர் பறித்துக்கொண்டமையால் மனம் முறிந்து, பகைவராகிய கொடுமலையாரிடம் போய்ச் சேர்ந்ததை அறிவீர். ஓர் ஊழியன் போனால் இன்னொருவனை அமர்த்திக்கொள்வோம் என்று அமைச்சர்கள் கூறியதாகவும், நீரும் தலையசைத்ததாகவும் கேள்வியுற்றேன். அவன் எதனைக் கொண்டு போனான் என்பது அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அவன் நாள்தோறும் காலையில், கொடுமலையார் படை தங்கியிருக்கும் எதிர்க்கரையில் வந்து நிற்கிறான். குவளை நாட்டுப் பிள்ளைகளே, போர் முடிந்தது, ஆற்றுவாயிலைத் திறந்துவிட்டு அவரவர் மனைக்குச் செல்க என்று முழங்குகிறான். இங்குள்ள வீரருள் உம் முகத்தைக் கண்டவர் மிகச் சிலர். நம் தந்தையார் மறைந்ததையும், நீர் முடி சூடியதையும், பஞ்சத்தில் வரி நீக்கியதையும் அவர்கள் அந்தக் குரலில்தான் கேட்டார்கள். அவர்களுக்கு அதுதான் அரசரின் குரல். ஆகவே முதல் நாளே வாயிற்காவலர் வேல்களைக் கீழே வைத்துவிட்டுத் தாழில் கை வைத்தனர். அவர்கள் துரோகிகள் அல்லர்; வாழ்நாளெல்லாம் கீழ்ப்படிந்து பழகியவர்கள். நான் ஓடிப் போய்க் குறுக்கே நின்று, இது அரசரின் குரல் அன்று எனக் கூறினேன். காவலருள் மூத்தவராகிய நக்கன் சாத்தனார் கைகூப்பி, அவ்வாறாயின் அரசரின் குரல் எதுவெனப் பிராட்டியார் காட்டியருள வேண்டும், அதற்குக் கட்டுப்படுகிறோம் என்றார். என்ன சொல்வேன்? தாழின்மேல் முதுகைச் சாய்த்து நின்று, முரசறையுமாறு கூவினேன்.

அன்று முதல் அவன் வாய் திறக்கும்போதெல்லாம் கோட்டையிலுள்ள முரசுகள் அனைத்தையும் அறையச் செய்கிறேன். தோல் கிழிந்தவை போக எஞ்சியவை மிகச் சில. முரசறைவோர் கைகளில் துணி சுற்றிக்கொண்டு அறைகிறார்கள், துணியிலும் குருதி கசிகிறது. நீர் அனுப்பிய புதிய வாக்குரைப்பான் மதில்மேல் ஏறி முழங்கியபோது, கூத்தாட வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு எல்லாரும் கலைந்து போனார்கள்.

ஆகையால் நீரே வந்து உம் வாயால் பேச வேண்டுமென்று முன் ஓலையில் வேண்டினேன். நீர் இசைந்து, மண்டபத்தில் அவையோரை அமர்த்திப் பேசிப் பழகினீர் என்றறிந்து நெஞ்சு குளிர்ந்தது. இடிமுழக்கம் போன்றதோர் உரை என்று அவையோர் எழுதியிருந்தார்கள். ஆனால் என் படைத்தலைவர் கண்டன் பூதியாரைக் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுவரப் பணித்திருந்தேன். முதல் வாக்கியம் கேட்டது, பின்னர் அரசரின் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது என்று அவர் வந்து கூறினார். கண் ஓலையை விட்டு அகலவில்லையாம். புலவர்கள் எழுதித் தந்த குலவரலாறு பாட்டனைத் தாண்டுவதற்குள் காவலர் கால் மாற்றி நிற்கத் தொடங்கினராம். நிறுத்த வேண்டிய இடத்தில் மழைக்கு ஒதுங்க ஓடுபவர்போல் ஓடினீராம்; ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவும் நெஞ்சுக்குள்ளேயே விழுந்துவிட்டதாம். கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

எனினும் அவர் இன்னொன்றும் கூறினார். உரையின் நடுவே விளக்கேந்தி நின்ற பணிப்பெண்ணின் கையில் சூடான எண்ணெய் சிந்திற்றாம். நீர் ஓலையைக் கீழே போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, சுட்டுவிட்டதா என வினவினீராம். அந்த வினா கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டதாம். எனக்கு இப்போது இருக்கும் நம்பிக்கை அது ஒன்றுதான்.

ஆதலின் இவ்வாறு பழகுக. புகழ்வோர் அனைவரையும் வெளியே அனுப்பிவிடுக. மண்டபத்தை விட்டு, தண்ணீர் இரையும் மதகடியில் நின்று பேசுக. இவ்வோலை கொண்டுவரும் கண்டன் பூதியார் தொலைவில் நிற்பார். கேளாதபோது கை உயர்த்துவார். உடனே முதலிலிருந்து தொடங்குக. சினம் கொள்ளற்க. குலவரலாறு வேண்டா, பசித்தவனுக்குக் கொள்ளுப்பாட்டனின் வெற்றியால் ஆவதொன்றுமில்லை. நெல் வருகிறது, நான் வந்துவிட்டேன், வாயிலைத் திறவாதீர் என்று மட்டும் உரைத்தால் போதும். யாரேனும் ஒருவர் முகத்தைப் பார்த்து, அந்தப் பெண்ணிடம் கேட்டதுபோல் அவரிடம் சொல்க.

நேற்றுக் காலை காற்று நம் பக்கம் வீசியது. முரசொலியையும் மீறி அக்குரல் மதிலுக்குள் வந்துவிட்டது. தந்தையாரின் சாவை எனக்கு அறிவித்த குரல் அது. மகளே, திற என்றது. என் கால்கள் தாமாகவே படியிறங்கின. மதிலின் கல்லைப் பற்றிக்கொண்டு நின்றேன், விரல் நகம் பெயர்ந்துவிட்டது. எல்லாம் அறிந்த எனக்கே இந்நிலை எனில், ஒன்றும் அறியாத அவர்களை எப்படிக் குறை சொல்வேன்?

தம்பி, இனி உன்னிடம் மரியாதை பார்த்து எழுத எனக்கு நேரமில்லை. எவ்வளவு பழகியும் குரல் எழும்பவில்லை என்றாலும் வா. உன் குரல் மெல்லியது, முடிவில் தேயும் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மாலைதோறும் நெஞ்சுநோயால் குரல் தேய்ந்த கோட்டைக் கணக்கரை மதில்மேல் நிறுத்திப் பேசவைக்கிறேன். கோட்டை முழுவதும் மூச்சடக்கி நின்று கேட்டுப் பழகுகிறது. தாய்மார் பிள்ளைகளை மார்போடு அணைத்து அழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நேற்று அவர் சொன்னது கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டது.

அரசர்க்கு ஆணையிட எனக்கு உரிமையில்லை; தம்பிக்கு இடுகிறேன். ஓலை கண்ட கையோடு புறப்படு. ஆற்றுவாயிலின் திறவுகோலை இத்துடன் கட்டிக் கோட்டை முத்திரை வைத்திருக்கிறேன். அதை என் இடுப்பில் வைத்துக்கொள்ள எனக்கு அச்சமாயிருக்கிறது. நான் திறவாவிட்டாலும், வாயிலைப் பிளக்க மற்றவர்களிடம் கோடரி இருக்கிறது. இப்படிக்குச் செம்பொன்நங்கை, என் கையெழுத்து.