பூசையில் இருந்த குட்டை றைபிளைத் திருப்பித் தரக் கோருவது

அனுப்புநர்:
க. உருத்திரமூர்த்தி,
நகரப் பஸ் சாரதி,
ஓபர்வெல்லிங்கன், ஜேர்மனி.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
ஆயுத அனுமதிப் பிரிவு,
மாவட்ட நிர்வாக அலுவலகம்,
ஓபர்வெல்லிங்கன்.

பொருள்: ஆயுத பூசையன்று என் வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கீழ்நெம்பு றைபிளைத் திருப்பித் தருதல், என்னை 'நம்பகமற்றவர்' என்று எழுதியதை நீக்குதல், என் மனைவி உயிரோடும் நலத்தோடும் இருக்கிறார் என்பதைக் கோப்பில் பதிதல்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர் (உங்கள் கடிதத்திலுள்ள ஒப்பத்தை எனக்கு வாசிக்க முடியவில்லை, மன்னிக்கவும்),

வணக்கம். நடந்ததை எழுத்தில் விளக்கும்படியும், விளக்காவிட்டால் என் ஆயுத உடைமை அட்டையை மீளப் பெறுவீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். விளக்குகிறேன். ஆனால் தமிழில் விளக்குகிறேன். ஜேர்மன் மொழியில் நான் ஏற்கெனவே ஒரு விளக்கம் தந்துதான் என் வீட்டு வாசலுக்குப் பொலிஸ் வாகனம் வந்தது. இம்மனுவைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் திருமதி சாருலதா மொழிபெயர்த்து இணைப்பார். அவருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: 'பூசை' என்ற சொல் வரும் இடமெல்லாம் அதைப் பூசை என்றே விட்டுவிடவும். ஏன் என்பது ஐந்தாம் பந்தியில் தெரியவரும்.

1. மேற்படி றைபிள் உங்கள் அலுவலகத்தின் அனுமதியோடு, என் பெயரில் முறைப்படி பதிந்து வாங்கியது. விசைக்குக் கீழே ஓர் இரும்பு வளையம் உண்டு. விரல்களை அதற்குள் விட்டுக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெறுங்கோது வெளியே துள்ளும், அடுத்த தோட்டா உள்ளே போகும். நிலத்தில் நிறுத்தினால் என் இடுப்பளவுதான் வரும். உருவத்தில் றைபிள் என்றாலும் அது தின்பது ரிவோல்வர் தோட்டா. இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளவும். இதனாலும் ஒரு சிக்கல் வந்தது.

2. இந்த வயதில் உமக்கு ஏன் துப்பாக்கி என்று பலர் கேட்டிருக்கிறார்கள், நீங்களும் கேட்கக்கூடும். பஸ் ஓட்டி ஓட்டி என் வலது தோள் தேய்ந்துவிட்டது. ஞாயிறுதோறும் நான் போகும் சுடும் கழகத்தில் முதலில் எனக்குப் பெரிய றைபிள் தந்தார்கள். அது உதைத்த உதையில் மறுநாள் ஒவ்வொரு வளைவிலும் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்தக் குட்டையனில் முப்பத்தெட்டு என்ற சிறிய ரிவோல்வர் தோட்டாவையும் போடலாம். அது உதைக்காது, தோளில் தட்டிக்கொடுக்கும். ஐம்பது மீற்றரில் நான் சுட்டதெல்லாம் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவுக்குள் விழுந்த அன்று, கழகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த றைபிளில் பெரும் பிரியம். இதை ஓர் அரச அலுவலகத்துக்கு எழுத எனக்கு வெட்கமில்லை.

3. இனிப் பூசை. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் எங்கள் வீடுகளில் ஆயுத பூசை. ஒருவர் எதைக் கையில் எடுத்து வேலை செய்கிறாரோ, எதைக்கொண்டு பழகுகிறாரோ, அதைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுவது வழக்கம். என் மனைவி சுந்தரேஸ்வரி தையல் மெசினை வைப்பார். நான் ஓட்டும் பஸ்சுக்குக்கூட ஓரமாக ஒரு சின்னப் பொட்டு வைக்கிறேன். பயணிகள் எவரும் முறையிட்டதில்லை. பூசைக்கு வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம். அதுவரை தொடக்கூடாது. இந்நகரத் தமிழரெல்லாம் கத்தரிக்கோலையும் குறட்டையும் வைத்து ஆயுத பூசை செய்ய, மெய்யான ஆயுதம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது உண்மை.

சட்டத்தை நான் மீறவில்லை. றைபிளை, அதைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டகத்துக்கு வெளியே எடுக்கவே இல்லை, பெட்டகத்தையே கோயிலாக்கினேன். உள்ளே நிறுத்தியபடியே பொட்டு வைத்து, கடையில் வாங்கிய செவ்வந்திப்பூவைச் சுற்றி, முன்னால் பாதி எலுமிச்சம்பழம் வைத்தேன். திறந்திருந்த நேரம் முழுவதும் பக்கத்திலேயே நின்றேன்.

4. அப்போதுதான் மணி அடித்தது. வாசலில் உங்கள் பரிசோதகர் திரு. ஹோல்ஸ்காம்ப். முன்னறிவித்தல் இல்லாமல் வந்து பெட்டகத்தைப் பார்வையிட அவருக்கு உரிமை உண்டு என்பதை அறிவேன். மணிச்சத்தம் கேட்டதும் பெட்டகத்தைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கதவைத் திறந்தபோது என் சட்டை சிவப்பாகவும் கை சிவப்பாகவும் நெற்றி சிவப்பாகவும் இருந்தன. நான் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்திருக்கிறார்.

5. பெட்டகத்தைத் திறக்கும்படி கேட்டார். பூசையில் இருப்பதை எப்படித் தொடுவது? மரியாதையாக மறுத்தேன். காரணத்தையும் ஜேர்மன் மொழியில் சொன்னேன். எங்கள் கோயிலுக்கு வரும் ஜேர்மன்காரருக்காக அச்சிட்ட துண்டறிக்கையில், சாமிக்குப் படைப்பதற்கு 'ஒப்ஃபர்காபெ' என்று போட்டிருந்தது. நீளமான சொல் என்று பின்னாலிருந்த காபெயை நான் விட்டுவிட்டேன். "இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு இந்த றைபிளுக்கு ஒப்ஃபர் கொடுக்கும் நாள்" என்றேன்.

திரு. ஹோல்ஸ்காம்ப் ஓரடி பின்னால் போனார். பிறகு மிக மெதுவாக, "யார் ஒப்ஃபர்?" என்று கேட்டார். படையலை யார் செய்கிறார்கள் என்று விசாரிக்கிறார், நல்ல மனிதர் என்று நான் மகிழ்ந்தேன். சமையலறைப் பக்கம் கைகாட்டி, "என் மனைவி" என்றேன். அவர் சமையலறைக் கதவையே பார்க்கவே, ஆறுதலாக இருக்கட்டும் என்று, "இன்னும் முடியவில்லை, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், நீங்களும் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் இருக்கவில்லை. படியிறங்கிப் போய்ப் பொலிசை அழைத்தார். ஆகென் நகரில் படிக்கும் என் மகள் சயந்தினிக்கு நான் தொலைபேசி எடுத்தபோதுதான் விடயம் விளங்கியது. அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஐயோ அப்பா, ஒப்ஃபர் எண்டால் பலியாகிற ஆள் எண்டும் அர்த்தம் இருக்கு. நீங்கள் அம்மாவைப் பலி குடுக்கப் போறன் எண்டெல்லோ சொல்லியிருக்கிறியள்!" என் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் 'டூ ஒப்ஃபர்', அதாவது 'நீ ஒப்ஃபர்' என்று கூப்பிடுவதை நாளும் கேட்கிறேன். இவ்வளவு காலமும் அவர்களைப் பக்தியுள்ள பிள்ளைகள் என்றே நினைத்திருந்தேன். அது ஏளனமாம். அதையும் மகள்தான் சொன்னாள்.

6. பொலிசார் வந்தபோது என் மனைவி நீற்றுப்பூசணியை வெட்டி உள்ளே குங்குமம் தடவிக்கொண்டிருந்தார். கண்ணூறு கழிப்பதற்காக. கையில் கத்தியும் விரலெல்லாம் சிவப்பும். இந்தக் கோலத்தில் அவர்களை வரவேற்று, இருக்கச் சொல்லி, கடலையும் மோதகமும் கொண்டுவந்து வைத்தார். ஒரு பொலிஸ்காரி அவரைத் தனியே அழைத்து, இந்த வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். மனைவி சொன்ன பதில், உங்கள் கடிதத்தோடு வந்த அறிக்கையில் சுருக்கமாக உள்ளது. முழுப் பதில் இது: "இந்த வீட்டிலை பாதுகாப்பெல்லாம் அந்தத் துவக்குக்குத்தான். எனக்குப் பெட்டியின்ரை திறப்பைக்கூடத் தராது இந்த மனுசன். துவக்குக்கு நெடுக எண்ணெய் பூசும், என்ரை குசினிக் கதவு கிறீச்செண்டு கத்துறது காதிலை விழாது."

இதை ஜேர்மன் மொழியில், கண்கலங்கச் சொல்லியிருக்கிறார். அறிக்கையில் 'மனைவிக்குத் திறப்பு மறுக்கப்படுகிறது, மனைவி அழுகிறார்' என்று மட்டும் வந்துவிட்டது. ஐயா அல்லது அம்மையீர், அனுமதி இல்லாத எவருக்கும், மனைவி ஆனாலும், திறப்பைக் கொடுக்கக்கூடாது என்பது உங்கள் சட்டம். அதைக் காக்கப்போய் நான் வீட்டில் வாங்கிய ஏச்சுக்கு அளவில்லை. கண்கலங்கியதற்குக் கடலைக்குத் தாளித்த செத்தல்மிளகாயும் ஒரு காரணம்.

கடைசியில் மனைவி சொல்லித்தான், சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக் கற்பூரம் கொளுத்திவிட்டுப் பெட்டகத்தைத் திறந்தேன். தோட்டாப் பெட்டியைக் கண்ட இளம் பொலிஸ்காரர் ஒருவர், இது ரிவோல்வர் தோட்டா, ரிவோல்வர் எங்கே என்று கேட்டுக் கொலுவுக்குப் பின்னால் எல்லாம் தேடினார். என்னிடம் ரிவோல்வர் இல்லை. முதலாம் பந்தியைப் பார்க்கவும்.

7. அறிக்கையில் உள்ள பிழைகள்:

'ஆயுதத்தில் இரத்தம் போன்ற பொருள்' என்பது குங்குமம். வேண்டுமானால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பவும்.

'குழல் வாய் எலுமிச்சம்பழத்தால் அடைக்கப்பட்டிருந்தது' என்பதைப் படித்து நான் கொதித்துப்போனேன். பழம் குழலுக்கு முன்னால், கீழே, தட்டில் இருந்தது. குழல் வாய்க்குள் எதையும் வைக்கக்கூடாது என்பது சுடும் கழகத்தில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். என்னைக் கொலைகாரன் என்று நினைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இதைப் பொறுக்க மாட்டேன்.

'ஆயுதத்தின் முன் தீ மூட்டினார்' என்பது கற்பூரம். தோட்டாக்கள் உள்ளறையில் பூட்டியிருந்தன. ஆனாலும் யோசித்துப் பார்த்தால் இந்த ஒன்றில் நீங்கள் சொல்வதுதான் சரி. இனிமேல் பற்றரி விளக்கு வைக்கிறேன்.

'ஆயுதம் மாலையணிந்திருந்தது' என்பது பிழையல்ல. அதில் என்ன குற்றம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

8. திறக்க மறுத்தேன் என்பது மெய். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் 'நம்பகமற்றவர்' என்ற அந்தச் சொல் என்னைச் சுட்டுவிட்டது. இந்த ஊரில் பனி கொட்டும் விடியலில் முதல் பஸ்ஸை எடுப்பவன் நான். வயதானவர்கள் ஓடி வருவதைக் கண்டால் கதவை மூடாமல் நிற்பேன். அகதியாக வந்த காலத்தில் என் சொந்தப் பெயரையே நிரூபிக்க என்னிடம் கடதாசி இருக்கவில்லை. அப்படி வந்தவனை எல்லாம் விசாரித்துப் பார்த்து, இவரை நம்பலாம் என்று எழுதி உங்கள் அலுவலகம் அந்த அட்டையைத் தந்தபோது நான் அதை றைபிளுக்கான அனுமதியாக மட்டும் எண்ணவில்லை. ஓர் அரசாங்கம் என்னை நம்புகிறேன் என்று எழுத்தில் தந்தது அதுதான் முதல் தடவை. அன்று மனைவிக்குக் காட்டி அழுதேன். அதைத் திருப்பி எடுத்தால் எனக்குத் தாங்காது.

ஆகவே நான் பணிவுடன் கேட்பவை:

அறிக்கையில் 'ஒப்ஃபர்' என்று வரும் இடமெல்லாம் 'பூசை' என்று திருத்தவும். என்னைப் பற்றி எழுதிய சொல்லை அழித்து, அட்டையை என்னிடமே விடவும். றைபிளைத் திருப்பித் தரவும். அடுத்த ஆயுத பூசையன்று திரு. ஹோல்ஸ்காம்ப் விரும்பினால் வரலாம்; அவர் வந்து பார்த்துப் போகும்வரை பூசையைத் தொடங்காமல் வைத்திருப்பேன்.

இன்னொன்று, இது அவசரம். சந்தனம் ஈரமானது. துடைக்க விடாமல் அப்படியே கொண்டுபோய்விட்டார்கள். உங்கள் முடிவு எனக்கு எதிராக வந்தாலும் பரவாயில்லை, யாராவது ஒரு மெல்லிய துணியால் அதைத் துடைத்து, வளையத்தின் மூட்டிலும் சேர்த்து எண்ணெய் பூசிவிடவும். கையெடுத்துக் கேட்கிறேன்.

நல்ல பதிலை எதிர்பார்த்து வாசலைப் பார்த்திருக்கும்,

க. உருத்திரமூர்த்தி
(ஒப்பம்)

இடம்: ஓபர்வெல்லிங்கன்
திகதி: 13.10.2025

சாட்சி: சுந்தரேஸ்வரி உருத்திரமூர்த்தி, மனைவி (ஒப்பம்)

சாட்சி தன் கைப்பட எழுதியது: வாசிச்சுப் பார்த்தன், எல்லாம் உண்மை. தயவுசெய்து அந்தத் துவக்கைக் கெதியாக் குடுத்துவிடுங்கோ. அது போன நாளிலை இருந்து இந்த மனுசன் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டிலைதான் நிக்கிறார். எனக்கு ஏலாது.