ஒரு வேளை கூடத் தவறவில்லை

அக்கா,

இன்று மாலை சத்திரம் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குள் நுழைந்ததும் பினாயில் நெடி அடித்தது. உடனே நீ நினைவில் வந்துவிட்டாய். முன்பெல்லாம் நீ உள்ளே இருப்பாய். நான் உன் காலேஜ் பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். இன்று உள்ளே இருந்தது நான். வாசலில் யாரும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினால் எந்த நிறுத்தத்தில் இறங்கி எங்கே ஓடலாம் என்று உனக்கு மனப்பாடம். காவிரிப் பாலத்தில் மட்டும் ஓட இடம் கிடையாது. பாலம் முடியும்வரை என் கையை நெரிப்பாய். கழிப்பறையில் காசு வாங்கும் பெண் ஒருநாள் கேட்டார்: "என்ன பாப்பா, உங்க அக்கா உள்ளேயே குடிவந்துட்டாளா?" நீ உள்ளிருந்தே கத்தினாய்: "ஆமாங்க, ரேஷன் கார்டுக்குக்கூட எழுதிப் போட்டுட்டேன்!" வெளியே வந்தபோது உன் உதடு வெளுத்திருந்தது.

பெருங்குடலில் புண் என்றார் டாக்டர். "கிருமியைத் துரத்த வேண்டிய அணுவெல்லாம் என் குடலையே எதிரின்னு நினைச்சு அடிக்குதாம்டி" என்றாய், வேறு யாருடைய வயிற்றையோ பற்றிப் பேசுவதுபோல.

மாத்திரை அந்தச் சண்டையை அடக்கியது. ரத்தம் நின்றது. ஆனால் உன் முகம் வீங்கியது. "கிளாஸ்ல பூரின்னு கூப்பிடுறாங்கடி. இப்பதான் நல்லாயிடுச்சே, இது எதுக்கு? அம்மாகிட்ட சொல்லிடாத." டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்று நம் இருவருக்கும் தெரியும். நான் சொல்லவில்லை. தினமும் அட்டையிலிருந்து பிதுக்கிச் சாக்கடையில் போட்டதும் நான்தான். கன்னம் வடிந்த அன்று கண்ணாடி முன் நின்று இருவரும் சிரித்தோம்.

மறுபடி ரத்தம் வந்ததை நீ என்னிடம்கூடச் சொல்லவில்லை. காய்ச்சலில், வயிறு உப்பி நீ விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?"

"ஒரு வேளை கூடத் தவறல டாக்டர். நானே தினம் அட்டையைப் பார்ப்பேன்" என்றாள் அம்மா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஆபரேஷனுக்குப் போன நீ திரும்பவில்லை.

மூன்று நாளாக எனக்கும் ரத்தம் போகிறது, அக்கா. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். ஆனால் கூடப் பிறந்தவர்களுக்கும் இது வரலாம் என்று டாக்டர் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. பயமாக இருக்கிறது. என்னை டாக்டரிடம் அழைத்துப் போனால் உன்னைப் பற்றிக் கேட்பார்கள். அம்மா அதே பதிலைச் சொல்வாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தானே சொல்லி அழுகிறாள்: "என் புள்ளைக்கு மாத்திரையும் கேக்கலையே." அந்த மருந்து நம் வீட்டில் பலிக்காது என்று அவளே நம்பிவிட்டாள். பலித்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு ரகசியம். இதையும் வைத்துக்கொள்ள முடியாது போலிருக்கிறது. கோபித்துக்கொள்.

அடுத்த அறையில் அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது. அவளும் தூங்கவில்லை. எழுந்து அவளிடம் போகப் போகிறேன். முதலில் மாத்திரையைச் சொல்வேன். அதைக் கேட்ட பிறகும் அவள் என்னைத் தொட்டால், ரத்தத்தைச் சொல்வேன்.