நந்தி காதில் நான் போட்ட கதை

மார்ச் 3, திங்கள்

குடிநீர் வாரியப் புகார்ப் பிரிவில் இன்று முப்பத்தெட்டு பேர். பதினேழு பேருக்குத் தண்ணீர் வரவில்லை. ஒன்பது பேருக்கு வருகிறது, மஞ்சளாக வருகிறது. மீதிப் பேருக்கு மீட்டர் பேய் பிடித்து ஓடுகிறது. எல்லோருக்கும் பதில் சொல்லியாயிற்று.

மதிய இடைவேளையில் வார இதழுக்கான கேள்வி-பதில் பத்தியையும் முடித்தேன். இந்த வாரம் ஒரு வாசகர் கேட்டது: விநாயகருக்குத் துளசி ஏன் சாத்துவதில்லை? தவத்தில் இருந்த விநாயகரைத் துளசி கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டாள். அவர் மாட்டேன் என்றார். அவள் சபித்தாள், அவரும் பதிலுக்குச் சபித்தார். அவள் செடியாகி விஷ்ணுவுக்குப் பிரியமானாள். இவர் பூஜையில் மட்டும் அவளுக்கு இடமில்லை. சுருக்கமாக, பிசிறில்லாமல் எழுதியிருக்கிறேன். பதினோரு வருடமாக வாரம் தவறாமல் இப்படித்தான்.

வீட்டுக்கு வந்தால், மனைவி காய் நறுக்கிக்கொண்டே போனில் சகலையின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் தங்கை புருஷன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். கிளட்ச், பிரேக், கியர் இவ்வளவுதான் அவன் வேதம். ஆறு மாதமாக, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு தினம் நான்கு நிமிடம் சாமிக் கதை பேசிப் போனில் போட ஆரம்பித்திருக்கிறான். இன்று அவனும் துளசி!

"இவர் சொன்னா துளசி பாவமா இருக்குங்க" என்கிறாள். என் பத்தியை இவள் கடைசியாகப் படித்தது எப்போது? கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

மார்ச் 9, ஞாயிறு

மாமியார் வீட்டில் சாப்பாடு. முன்பெல்லாம் நான் நுழைந்தால் "பெரிய மாப்பிள்ளை, அந்த வாசப்படி விஷயம் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். நான் நரசிம்மர் இரணியனை வாசற்படியில் வைத்து முடித்ததில் ஆரம்பிப்பேன். இன்று சின்ன மாப்பிள்ளைதான் எல்லாம். அவன் சொல்ல, என் மாமியார் கையில் கரண்டியோடு வாயைப் பிளந்து நிற்கிறார். என் தட்டில் எதுவும் விழவில்லை.

சரி, அது போகட்டும். அவன் சொன்ன கதை எது?

சிவன் தியானத்தில் இருப்பவர், அதனால்தான் நம் வேண்டுதலை நந்தி காதில் சொல்கிறோம் என்று ஆரம்பித்தான். எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்புறம் சொன்னான்: பஞ்ச காலத்தில் ஊரே வந்து நந்தி காதில் "எனக்கு, எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனது. நந்தி எழுந்து உள்ளே போகப் பார்த்தது, எழ முடியவில்லை. காது அவ்வளவு கனம். கடைசியாகத் துணி வெளுக்கிற ஒருத்தி வந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவேண்டும் என்று கேட்டுவிட்டு, தனக்கு என்ன கேட்க வந்தோம் என்பதையே மறந்துபோனாள். அந்தச் சொல்லுக்குக் கனமே இல்லை. நந்தி எழுந்தது. அன்றிலிருந்து முதலில் அடுத்தவருக்குக் கேட்டால்தான் நம்முடையதும் உள்ளே போகும்.

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "பெரியவங்க சொல்லிக் கேட்டது" என்றான்.

எந்தப் பெரியவங்க? நான்டா அது! அந்தக் கதை என்னோடது!

மார்ச் 10, திங்கள்

பரணிலிருந்து பழைய இதழை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வருடத்துக்கு முந்தையது. வரிக்கு வரி நான் எழுதியது.

எழுதியது மட்டுமா? கட்டியதே நான்தான். இந்த நோட்டிலாவது உண்மையைச் சொல்லவேண்டும். அந்த வாரம் ஒரு வாசகி, நந்தி காதில் எதை, எப்படிக் கேட்கவேண்டும் என்று முறை ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரியவில்லை. புத்தகங்களில் தேடினேன், கிடைக்கவில்லை. முறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் இருபத்தைந்து வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். போதாததற்கு, புகார்ப் பிரிவுக்காரனுக்குத் 'தெரியாது' என்ற சொல் வாயில் வராது. ஏதாவது சொல்லி அனுப்பிவைப்பதுதான் எங்கள் தொழில். பேருந்தில் வரும்போது அந்த வெளுப்பவள் மனதில் வந்தாள். எழுதிவிட்டேன். கடைசியில் 'என்று பழைய சுவடிகள் கூறுகின்றன' என்றும் சேர்த்துவிட்டேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஒன்பது வருடம் ஓடியிருக்கிறது. இப்போது என்னுடையது என்று சொன்னால் புளுகன் என்று ஆகும். சொல்லாவிட்டால் அவனுடையது என்று ஆகும். திருடனைத் தேள் கொட்டினால் இப்படித்தான் இருக்குமோ?

மார்ச் 12, புதன்

நந்தி கதையைப் போனிலும் போட்டுவிட்டான். அறுபதாயிரம் பேர் கேட்டிருக்கிறார்களாம். அறுபதாயிரம்! என் இதழ் அச்சாவதே நாலாயிரம்.

மார்ச் 20, வியாழன்

வார இதழின் ஆசிரியர் அம்மா கூப்பிட்டார். என் பத்திகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறாராம். அட்டையில் என் பெயர்! பதினோரு வருடக் காத்திருப்பு. நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. நந்தி கதைதான் முதல் அத்தியாயமாம், இப்போது ஊரெல்லாம் அதுதான் பேச்சாம். "உங்க சகலை ஒரு முன்னுரை குடுத்தா நல்லா போகும் சார். கேட்டுப் பாக்கறீங்களா?"

என் புத்தகத்துக்கு, என் கதைக்கு, அவன் முன்னுரை. வயிறு எரிகிறது என்று சும்மா சொல்வதில்லை, நிஜமாகவே இங்கே, தொப்புளுக்கு மேலே எரிகிறது. போதாக்குறைக்கு, அந்தக் கதை எந்தச் சுவடியில் இருக்கிறது என்று குறித்துக் கொடுக்கவேண்டுமாம்.

மார்ச் 23, ஞாயிறு

அவனே வந்தான். டிரைவிங் ஸ்கூல் வண்டி வாசலில் நின்றது, கூரையில் அந்தச் சிவப்புப் பலகையோடு. கேட்கிறவர்கள் இந்தக் கதைக்கு மூலம் கேட்கிறார்களாம். யாரோ சொல்லி யாரோ சொல்லித் தன்னிடம் வந்ததாம், என் பத்தி என்பது அவனுக்குத் தெரியாது. "நம்ம குடும்பத்துல படிச்சவர் நீங்கதான் அண்ணா. இது எங்க இருக்கு?"

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அவனும் நானும்தான் இருந்தோம். மனைவி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பழைய தலபுராணம், தம்பி. அச்சுல வரல. சுவடிய நானே கண்ணால பாத்திருக்கேன்" என்றேன். கண்ணால! அவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

மார்ச் 28, வெள்ளி

அவன் பேச்சு வந்துவிட்டது. "சுவடிய நேர்ல பாத்த ஒருத்தர் சொன்னார்" என்கிறான். ஒருத்தர்! பெயரைச் சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா?

ஏப்ரல் 4, வெள்ளி

சுவடித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அவன் பேச்சுக்குக் கீழே எல்லோரும் படிக்கும்படி எழுதியிருக்கிறார். எந்தத் தலம்? எந்தச் சுவடி? எண் என்ன? நாற்பது வருடத்தில் தான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லையாம். அவ்வளவுதான், கேட்கிறவர்கள் எல்லாம் பிடித்துக்கொண்டார்கள். 'ரிவர்ஸ் கியரில் புராணம்' என்று ஒருவன் எழுதியிருக்கிறான். 'எல் போர்டு சாமியார்' என்று இன்னொருவன். இரண்டாவது எனக்குப் பிடித்திருந்தது.

மறைப்பானேன், சந்தோஷமாக இருந்தது. கேன்டீனில் இரண்டு டீ குடித்தேன். மஞ்சள் தண்ணீர்க்காரர் ஒருவருக்கு அன்பாகப் பதில் சொன்னேன். அவரே பயந்துபோய்விட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

டீ இரண்டும் இன்று கசந்துவிட்டது.

யார் சொன்னது என்று எல்லோரும் கேட்கிறார்களாம், அவன் சொல்ல மாட்டேன் என்கிறானாம். மனைவியிடம் அவள் தங்கை போனில் அழுதிருக்கிறாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் நின்றுவிட்டார்கள். புளுகுகிறவனிடம் பிள்ளையை எப்படி நம்பி வண்டி ஓட்ட அனுப்புவது என்று ஒரு அம்மா முகத்துக்கு நேரே கேட்டாளாம். இரண்டு வண்டியும் ஷெட்டில் நிற்கின்றன. "நான்தான் சரியா விசாரிக்கல, தப்பு என்னோடது" என்று பேசிப் போட்டிருக்கிறான்.

என் பெயரை அவன் சொல்லவில்லை. அன்றைக்கு அதற்குத்தான் திட்டினேன்.

இதிலும் அவனே ஜெயித்துவிட்டான், பார். கதை சொல்லியும் பெயர், வாயை மூடியும் பெயர். இவ்வளவு நல்லவனாக இருக்க இவனுக்கு எங்கிருந்து வருகிறது? எனக்கு ஏன் வரவில்லை?

ஏப்ரல் 8, செவ்வாய்

இந்த வாரக் கேள்வி: சிவனுக்குத் தாழம்பூ ஏன் வைப்பதில்லை?

எனக்குத் தலைகீழாகத் தெரிந்த கதை. சிவன் நெருப்புத் தூணாக நின்றார். அடியைத் தேடி விஷ்ணு பன்றியாக மண்ணைத் தோண்டிக்கொண்டு போனார். முடியைத் தேடிப் பிரம்மா அன்னமாகப் பறந்தார். விஷ்ணு திரும்பி வந்து என்னால் காண முடியவில்லை என்றார். பிரம்மா, வழியில் கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைக் கூட்டு சேர்த்துக்கொண்டு, முடியைப் பார்த்தேன் என்றார். பூவும் ஆமாம் என்றது. பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமல் போனது, பூவுக்குப் பூஜை இல்லாமல் போனது.

'பார்த்தேன்' என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. பேனாவை மூடிவைத்து, திறந்து, மூடிவைத்து... பன்னிரண்டு வரியோடு அனுப்பிவிட்டேன். மீதி இடத்தில் அவர்கள் விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 9, புதன்

மனைவியிடம் சொன்னேன். பேருந்து, வெளுப்பவள், சுவடி, இரண்டு டீ, எல்லாம். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என் சட்டைக் காலரை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"கதை கட்டினீங்க, அத விடுங்க. என் தங்கச்சி அங்க போன்ல அழுதப்ப நான் ஒங்க எதிர்லதான நின்னேன். நீங்க பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க."

சட்டையை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இதழுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நந்தி கதை எந்தச் சுவடியிலும் இல்லை, நான் எழுதியது, டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் என் சகலையிடம் சுவடியைப் பார்த்ததாகப் பொய் சொன்னதும் நான்தான் என்று. ஆறு வரி. பதினோரு வருடத்தில் இவ்வளவு சின்னதாக எதுவும் எழுதியதில்லை.

ஆசிரியர் அம்மா போன் செய்தார். போட்டால் புத்தகம் இல்லை, பத்தியும் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதனால் யோசிக்காமல் போடச் சொன்னேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

வந்துவிட்டது. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் அந்த ஆறு வரியைப் படித்துவிட்டு இதழை என் பக்கம் தள்ளினார். பேராசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மாமியார் வீட்டுக்குப் போகாமல் இருக்கக் காய்ச்சல், தலைவலி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். போனேன்.

சாப்பிட்டு எழுந்தேன். கை கழுவும் இடத்தில் சகலை வந்தான். பெருந்தன்மையாக ஏதாவது சொல்லப்போகிறான், சொன்னால் எப்படித் தாங்குவது என்று நினைத்தேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. முகம் சிவந்திருந்தது.

"ஒங்களோடதுன்னு சொல்லியிருந்தா, எங்கண்ணன் எழுதின கதைன்னு பெருமையா சொல்லியிருப்பேனே. கண்ணால பாத்தேன்னு ஏன் சொன்னீங்க? நான் நம்பினேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது, காதில் விழுந்ததா தெரியவில்லை. திரும்பக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

அவன் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டதா? இல்லை. அவன் குரல் நல்ல குரல், எனக்கு அது கிடையாது. அவன் சொல்லும்போது அந்த வெளுப்பவள் எழுந்து நடக்கிறாள். நான் எழுதியபோது அவள் வெறுமனே பத்தியில் நின்றாள். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் இதை எழுதப் பேனா நகர்ந்திருக்காது.

ஜூன் 2, திங்கள்

அலுவலகம் விட்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். பத்தி இல்லாததால் திங்கட்கிழமை மாலை சும்மா கிடக்கிறது.

நந்தி முன்னால் எனக்கு முந்தி ஒரு பெண், நர்ஸ் சீருடையில். நந்தியின் ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மறு காதில் நிறைய நேரம் சொன்னாள். முடித்துவிட்டு, நான் குனியப்போவதைப் பார்த்து நின்றாள்.

"சார், மொதல்ல அடுத்தவங்களுக்குக் கேளுங்க. அப்பதான் நந்தி எந்திரிக்கும். ஒங்களுது கடைசில."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? இது எப்பவும் இருக்கறதுதானே சார்."

வார இதழ், டிரைவிங் ஸ்கூல், பேராசிரியர், எதுவும் அவளுக்குத் தெரியாது. வாய் வரை வந்தது. அது நான் எழுதினதும்மா, பஸ்ஸில் வரும்போது யோசித்தது. வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, "அப்படியா? எனக்குத் தெரியாதே" என்றேன். அவள் திருப்தியாகச் சிரித்துவிட்டுப் போனாள்.

காதைப் பொத்திக்கொண்டு குனிந்தேன். கல் எண்ணெய்ப் பிசுக்கோடு குளிர்ந்திருந்தது. இன்னும் ஷெட்டில் நிற்கும் இரண்டு வண்டியும் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்காமல் ஓடவேண்டும் என்று கேட்டேன். யாருடைய வண்டி என்று நந்தியிடம் பெயரோடு சொன்னேன். இந்த நோட்டில் எழுதமாட்டேன்.